பழுப்பு ஒயரைத் தொடும் முன் இதைப் பாருங்கள்! போர்ஷே 944-இல் பெயர் தெரியாத ப்ளக்குகள்

(காட்சி: பழைய எஞ்சினின் பின்புறம், பக்கம் பக்கமாக இரண்டு ப்ளக்குகள்)

இந்த இரண்டு ப்ளக்கையும் நன்றாகப் பாருங்கள். ஸ்பார்க் ப்ளக் இல்லை, சென்சாரோடு ஒயரை இணைக்கும் ப்ளக். ஒரே வடிவம், ஒரே அளவு. இடம் மாற்றிச் செருகினாலும் 'க்ளிக்' என்று உட்கார்ந்துவிடும். ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. பேட்டரி புதுசு, டேங்க் நிறையப் பெட்ரோல், ஸ்டார்ட்டரும் நன்றாகச் சுற்றும். எஞ்சின் மட்டும் பிடிக்காது.

வணக்கம் நண்பர்களே. கார் போர்ஷே 944. 1982 முதல் 1991 வரை வந்தது, நான்கு சிலிண்டர், பெட்ரோலையும் தீப்பொறியையும் கவனிக்க பாஷ் மோட்ரானிக் கம்ப்யூட்டர். வரலாறு இவ்வளவு போதும், பானெட்டைத் திறப்போம்.

ஏற்கெனவே யாரோ பிரித்துப்போட்ட எஞ்சின் என்றால், எந்த ப்ளக் எங்கே போகும் என்று வடிவத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டருக்கும் தண்ணீர் வெப்ப சென்சாருக்கும் ஒரே மாதிரி இரண்டு பின் பாஷ் ப்ளக்தான். பார்க்க வேண்டியது ஒயரின் நிறத்தை.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். ஜெர்மன் காரில் கோடு இல்லாத முழுப் பழுப்பு ஒயர் என்றால் எர்த். பழைய இங்கிலாந்து கார், ஓர் எம்ஜிபி என்று வையுங்கள், அதில் பழுப்பு என்பது பேட்டரியிலிருந்து ஃப்யூஸ்கூட இல்லாமல் நேராக வரும் லைன்! அங்கே எர்த் கருப்பு. ஜெர்மன் காரிலோ கருப்பு பெரும்பாலும் சாவி போட்டால் கரண்ட் வரும் ஒயர். அப்படியே தலைகீழ். எம்ஜிபியில் கை பழகியவர் அதே நினைப்போடு போர்ஷேயைத் தொட்டால், எர்த்தை லைன் என்றும் லைனை எர்த் என்றும் எடுத்துக்கொள்வார். அதனால் முதலில் பேட்டரி எர்த்தைக் கழற்றிவிடுங்கள், தயவுசெய்து.

நிறம் வெளுத்துப் போயிருந்தால்? ஜெர்மன்காரர்கள் எண்ணும் போட்டு வைத்திருக்கிறார்கள். டிஐஎன் 72552 என்ற தரமுறை. 30 என்றால் நேரடி பேட்டரி, 31 எர்த், 15 சாவி போட்டால் வருவது, 50 ஸ்டார்ட்டருக்குப் போவது. உங்கள் வண்டி ஹாரன் ரிலேயைக் கொஞ்சம் உருவிப் பாருங்களேன், அதன் அடியில் பெரும்பாலும் 30, 85, 86, 87 என்று இருக்கும். அதே குடும்பம்தான்!

சரி, அந்த இரட்டை ப்ளக்குக்கு வருவோம். அவை இரண்டு சென்சார்களுடையவை. இரண்டு சென்சாரும் எஞ்சினோடு சுற்றும் பல் சக்கரமான ஃப்ளைவீலைத்தான் பார்க்கின்றன. ஒன்று அதன் ஒவ்வொரு பல்லையும் எண்ணி வேகம் சொல்லும். மற்றது ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு முறை, அடையாள முளை கடக்கும்போது மட்டும் துடிக்கும். இந்த இரண்டும் இடம் மாறினால் எப்போது தீப்பொறி விடுவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஓம் அளந்து பிரிக்க முடியாது, இரண்டும் ஒரே அளவுதான் காட்டும். மின் அலையைத் திரையில் காட்டும் ஆஸிலாஸ்கோப் இருந்தால், பேட்டரியைத் திரும்ப மாட்டி, சென்சார் பக்கத்து முனையில் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஒன்றில் அலை நெருக்கமாக ஓடும், மற்றதில் விட்டுவிட்டு ஒரு துள்ளல். எவ்வளவு அழகாக இருக்கும் தெரியுமா!

வெப்ப சென்சாருக்கு மல்டிமீட்டரே போதும். 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 சொச்சம்.

அப்புறம், ப்ளக்கைக் கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். சுற்றியிருக்கும் கம்பி க்ளிப்பைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் மெல்ல நெம்புங்கள். முப்பது வருடத்துக்கு மேல் சூட்டில் வெந்த பிளாஸ்டிக், அப்பளம் மாதிரி நொறுங்கும்.

உங்கள் காரில் பெயர் தெரியாத ப்ளக் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், சேர்ந்து கண்டுபிடிப்போம். ப்ளக்கின் முகம் மட்டும் போதாது. ரப்பர் உறையைப் பின்னால் தள்ளி, ஒயர் நிறம் தெரிகிற மாதிரி எடுங்கள்.