கண்ணுக்குப் பின்னால் ஒரு வீக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

இமை வீங்கினால் கண்கட்டி, அலர்ஜி, பூச்சிக்கடி என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். ஆனால் கண் முன்னே பிதுங்குகிறது, பார்வையைத் திருப்பினால் வலிக்கிறது, ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது என்றால், கோளாறு கண்குழிக்குள் இருக்கலாம். அதைச் சுற்றி எலும்பு. உள்ளே எது வீங்கினாலும் கண்ணைத்தான் முன்னே தள்ளும்.

தைராய்டு கோளாறோடு வரும் அழற்சியைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைவிட அபூர்வமானவை உண்டு: ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப் புரதத்தோடு தொடர்புள்ள ஐஜிஜி4 நோய், ரத்தக்குழாய் அழற்சி, உறுப்புகளில் சிறு அழற்சி முடிச்சுகள் உண்டாகும் சார்காய்டோசிஸ், இமையில் மஞ்சள் திட்டோடு வரும் சாந்தோகிரானுலோமா என்ற அழற்சி. காரணமே பிடிபடாத வகையும் இருக்கிறது.

பெரும்பாலானவற்றுக்கு முதலில் கொடுப்பது ஸ்டீராய்டு. பலருக்குச் சில நாட்களிலேயே வீக்கம் வடிந்துவிடும். சிக்கலே அங்கேதான். லிம்போமா என்ற புற்றுநோயும் ஸ்டீராய்டுக்குக் கொஞ்ச காலம் அடங்கும். மருந்து கேட்டது, ஆகவே இது வெறும் அழற்சி என்று முடிவு கட்ட முடியாது. மாத்திரை தொடங்கியபின் திசு எடுத்தால் அடையாளமும் மங்கிப்போகலாம். அதனால் கண்ணீர்ச் சுரப்பி வீங்கியிருந்தால் முதலில் பயாப்ஸி என்று மருத்துவர் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். பெரும்பாலும் இமை மடிப்பிலேயே சிறிதாகக் கீறித் திசுவை எடுத்துவிடுவார்கள். கண்ணை அசைக்கும் தசை மட்டும் வீங்கியிருந்தாலோ, பார்வை நரம்பை ஒட்டி ஆழத்தில் இருந்தாலோ கணக்கு வேறு; அங்கே ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகளை வைத்து மருந்தைத் தொடங்குவதும் உண்டு.

சரி, வீக்கம் வடிந்தது. மாத்திரையைக் குறைத்ததும் திரும்ப வருகிறது. அப்போது என்ன செய்வது? ஸ்டீராய்டை வருடக்கணக்கில் விழுங்கினால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்புரையும் கண் அழுத்தமும் வரும். ஆகவே மெத்தோட்ரெக்சேட், அசத்தியோபிரின் போன்ற, உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைச் சேர்ப்பார்கள். மெத்தோட்ரெக்சேட் இந்த நோய்களுக்கு வாரம் ஒருமுறை மட்டும். தினமும் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ரிட்டக்ஸிமேப் ஊசி ரத்தக்குழாய் அழற்சிக்கும் ஐஜிஜி4 நோய்க்கும் பயன்படுகிறது. அதற்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை அவசியம்.

குறிபார்த்துத் தாக்கும் மருந்துகளும் வந்துவிட்டன. தைராய்டு கண் நோய்க்கு டெப்ரோடுமுமாபை 2020இல் அமெரிக்கா அனுமதித்தது. சிலருக்குக் காது மந்தமாகிறது. தொடங்கும் முன்பே கேட்கும் திறனைச் சோதிப்பது நல்லது. ஐஜிஜி4 நோய்க்கு இனெபிலிசுமாப் 2025இல் அங்கே அனுமதி பெற்றது. எல்லோருக்கும் இவை கைக்கெட்டுமா என்பது வேறு கேள்வி. பெயர் கேட்டு மயங்கவும் வேண்டாம். பழைய மாத்திரையிலேயே அடங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம், வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று. ஒரு சிவப்புப் பொருளை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பாருங்கள். ஒரு கண்ணில் சிவப்பு வெளிறித் தெரிந்தால் பார்வை நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கலாம். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். நன்றி, வணக்கம்.