பத்திகளைக் கூட்டினால் மதிப்பெண் கூடுமா? சீன மேல்நிலை மாணவிக்கான ஆங்கில வாசிப்புப் பயிற்சி குறித்து ஒரு விளக்கம்

வணக்கம். சந்தேகங்களுக்கு விளக்கம் அளிக்கும் இந்தப் பகுதியில் இன்று ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். சீனாவில் ஜியாங்சு மாகாணத்தின் சூசோ நகரில் கணவரின் வேலை நிமித்தம் வசிக்கும் ஒரு சகோதரி இதை அனுப்பியிருக்கிறார். பக்கத்து வீட்டுச் சீனப் பெண் மேல்நிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்கு ஆங்கில வாசிப்புப் பயிற்சியில் இவர் உதவி வருகிறார். செப்டம்பர் முதல் நாள்தோறும் இரண்டு பத்திகளை வாசித்து அவற்றின் கேள்விகளுக்கு விடையளித்துப் பழகியும், தேர்வுத்தாளில் வரும் 15 வாசிப்புக் கேள்விகளில் 9-க்கு மேல் அவளுக்குச் சரியாக வரவில்லை. சொல்வளம் போதவில்லை என்று பெற்றோர் தினமும் ஐம்பது சொற்களை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். "பத்திகளை நான்காகக் கூட்டலாமா, சொற்களைக் கூட்டலாமா?" என்பது சகோதரியின் கேள்வி.

இரண்டையும் கூட்ட வேண்டாம் என்பதே என் பதில். பத்திகளின் எண்ணிக்கையை இப்போது இருப்பதிலிருந்து பாதியாகக் குறைத்துவிடுங்கள் என்றுகூடச் சொல்வேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

நம் நேயர்களுக்காகத் தேர்வின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். காவ்காவ் எனப்படும் சீனப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை 2024-இல் எழுதப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். அதில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். நேரம் 120 நிமிடம். ஜியாங்சு இப்போது எழுதும் தேசிய வினாத்தாளில் வாசிப்புப் பகுதிக்கு மட்டும் 50 மதிப்பெண் உண்டு. நான்கு பத்திகள், அவற்றுக்கு 15 கேள்விகள், கேள்விக்கு இரண்டரை வீதம் 37.5. இதைத் தவிர, ஐந்து வாக்கியங்கள் விடுபட்ட ஒரு கட்டுரையைக் கொடுத்து, தரப்பட்ட ஏழு வாக்கியங்களிலிருந்து பொருத்தமான ஐந்தை எடுத்து நிரப்பச் சொல்லும் பகுதிக்கு 12.5. ஆக, இந்தப் பெண் 9 கேள்விகளில் நிற்கிறாள் என்றால் 22.5-இல் நிற்கிறாள் என்று பொருள். விட்டுப்போகும் 15 மதிப்பெண் சிறிய தொகை அன்று.

சீன மாணவர்களிடையே 'ஷுவா தீ' என்று ஒரு வழக்கு உண்டு. 'தீ' என்றால் கேள்வி. 'ஷுவா' என்றால் தூரிகை கொண்டு தேய்ப்பது. பல் துலக்குவதற்கும் அங்கே இதே வினைச்சொல்தான். பல் துலக்குவதுபோல் நாள் தவறாமல், யோசனை எதுவும் இல்லாமல் கேள்விகளைத் தேய்த்துத் தள்ளுவதற்கு இந்தப் பெயர் வெகு பொருத்தம். கணக்குக்கு இது ஓரளவு பயன்படலாம். வாசிப்புக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. ஏனென்றால் ஒருமுறை வந்த பத்தி மறுமுறை வராது. நானும் தொடக்கத்தில் இந்தத் தவறைச் செய்தவன்தான். ஒரு மாணவனுக்கு நாள்தோறும் மூன்று பத்திகள் கொடுத்து, விடைகளைச் சரிபார்த்து, தவறானவற்றுக்குச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டே இரண்டு மாதம் ஓட்டினேன். ஒரு நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் எப்படிச் செய்கிறான் என்று பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவன் பத்தியை வாசிக்கவே இல்லை. கேள்வியில் உள்ள ஒரு சொல்லைப் பத்தியில் தேடிப் பிடிப்பான்; அந்தச் சொல்லுக்கு அருகில் உள்ள சொற்கள் எந்த விடையில் அதிகமாக இருக்கின்றனவோ அந்த விடையைக் குறிப்பான். வினாத்தாள் தயாரிப்பவர்கள் இந்தப் பழக்கத்தை நன்றாக அறிந்தவர்கள். இதற்காகவே பொறி வைக்கிறார்கள்.

அந்தப் பொறி எப்படி இருக்கும் என்று காட்ட, இந்தக் காணொளிக்காக நானே ஒரு சிறு பத்தியைக் கற்பனையாக எழுதியிருக்கிறேன். அதன் பொருளைத் தமிழில் சொல்கிறேன். ஒரு கடலோர நகரத்தில் இரண்டு தெருக்களின் விளக்குகளை நள்ளிரவுக்குப் பிறகு மங்கலாக்கினார்கள். மூன்று மாதத்தில் அங்கே விட்டில் பூச்சிகள் பெருகின. திருட்டு நடக்கும் என்று கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். நகராட்சிக்கு மின்செலவு குறைந்தது. ஆய்வை நடத்திய பெண்மணியோ, ஒரு கோடைக்காலத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார். இப்போது கேள்வி: இந்த முடிவைப் பற்றி ஆய்வாளர் என்ன கருதுகிறார்? முதல் விடை, விளக்கை மங்கலாக்கினால் எல்லா நகரங்களிலும் பூச்சிகள் பெருகும் என்பது. இரண்டாவது, திருட்டு நடக்கும் என்பதால் திட்டத்தைக் கைவிட வேண்டும் என்பது. மூன்றாவது, இன்னும் நீண்ட காலம் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பது. நான்காவது, நகராட்சியின் மின்செலவு குறைந்திருக்கிறது என்பது.

சரியான விடை மூன்றாவது. அந்த விடையில் பத்தியின் சொற்கள் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். 'கோடைக்காலம்' இல்லை, 'உறுதி' இல்லை. பொருள் மட்டுமே வேறு சொற்களில் வந்திருக்கிறது. மற்ற மூன்றிலும் பத்தியின் சொற்கள் அப்படியே கிடக்கின்றன. சொல்லைத் தேடிப் போகிறவன் அந்த மூன்றில் ஒன்றில்தான் விழுவான். ஒவ்வொன்றும் விழவைக்கும் விதம் வேறு. இரண்டு தெருக்களில் நடந்ததை எல்லா நகரங்களுக்கும் விரிப்பது முதலாவது. கடைக்காரரின் கருத்தை ஆய்வாளரின் வாயில் வைப்பது இரண்டாவது. இதற்குச் சீனத்தில் 'ஜாங் குவான் லீ தாய்', அதாவது ஜாங்கின் தொப்பியை லீயின் தலையில் கவிழ்ப்பது என்று நான்கெழுத்துத் தொடர் ஒன்று இருக்கிறது. அங்குள்ள ஆங்கில ஆசிரியர்கள் வகுப்பில் இதைத்தான் சொல்வார்கள், நீங்களும் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு உடனே விளங்கும். நான்காவதுதான் மிகவும் வஞ்சகமானது. அது பொய்யே அன்று. பத்தியில் இருக்கிற உண்மை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது விடை அன்று.

ஆகவே நான் பரிந்துரைக்கும் பயிற்சி இதுதான். ஒரு நாளைக்கு ஒரே பத்தி. முதல் முறை நேரம் குறித்து, எட்டு நிமிடத்தில் செய்யட்டும். செய்து முடித்ததும் சரியான விடைகளின் பட்டியலைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் தன் விடைக்கு ஆதாரமான வரியைப் பத்தியில் அடிக்கோடிட்டுக் காட்டச் சொல்லுங்கள். வரியைக் காட்ட முடியாத விடை, சரியாக அமைந்திருந்தாலும் அது ஊகம் என்றே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, விட்டுவிட்ட மூன்று விடைகளும் ஏன் தவறு என்பதை அவள் சீனத்திலேயே சொல்லட்டும். இங்கே ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம், ஏனெனில் நாம் சோதிப்பது அவளுடைய பேச்சை அல்ல, அவளுடைய காரணத்தை. சீன மாணவர்கள் பெரும்பாலும் 'சுவோ தீ பென்' என்று ஒரு தவறுக் குறிப்பேடு வைத்திருப்பார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் பலர் அதில் கேள்வியையும் சரியான விடையையும் அழகாக வெட்டி ஒட்டி, வண்ண வண்ணமாகக் கோடிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். அதில் எழுத வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: 'நான் ஏன் அந்த விடையை நம்பினேன்?'

சொல்வளத்துக்கு வருகிறேன். பாடத்திட்டப்படி மேல்நிலை மாணவர் அறிந்திருக்க வேண்டிய ஆங்கிலச் சொற்கள் ஏறத்தாழ 3000. அதைத் தாண்டிய கடினமான சொல் வினாத்தாளில் வந்தால், பல இடங்களில் அதன் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் சீனப் பொருளை அச்சிட்டே கொடுத்துவிடுகிறார்கள். அதனால் அகராதியின் அடியாழத்திலிருந்து புதுச் சொற்களைத் தோண்டி எடுத்து ஐம்பது ஐம்பதாக விழுங்குவதில் பெரிய ஆதாயம் இல்லை. தடுக்கி விழவைப்பவை தெரிந்த சொற்களின் தெரியாத பொருள்கள். 'அட்ரஸ்' என்றால் முகவரி என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு சிக்கலை 'அட்ரஸ்' செய்வது என்றால் அதைத் தீர்க்க முனைவது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 'நாவல்' என்பதைப் புதினம் என்றே படித்த மாணவர், அது பெயரடையாக வந்து 'புதுமையான' என்று பொருள்படும்போது அங்கே ஏது கதைப் புத்தகம் என்று திகைத்து நிற்பார். ஐம்பது புதுச் சொற்களுக்குப் பதிலாக, அன்றைய பத்தியிலிருந்து இப்படிப்பட்ட ஐந்து பழைய சொற்களை அவை வந்த வாக்கியத்தோடு சேர்த்து எழுதி வைத்தால் போதும்.

சொற்கள் எல்லாம் தெரிந்தும் வாக்கியம் புரியாமல் போவது அடுத்த சிக்கல். அந்தப் பெண்ணின் உண்மையான தடை இதுவாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. இந்த இடத்தில் தமிழராகிய உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 'ஆசிரியர் பாராட்டிய பையன்' என்பதைச் சீனத்தில் 'லாவ்ஷி பியாவ்யாங் த நான்ஹாய்' என்பார்கள். லாவ்ஷி ஆசிரியர், பியாவ்யாங் பாராட்டுதல், நான்ஹாய் பையன். நடுவில் உள்ள 'த' ஏறக்குறைய நம் பெயரெச்ச விகுதியின் வேலையைச் செய்கிறது. அடைமொழி முழுவதும் முன்னால் வந்து, பெயர் கடைசியில் நிற்கிறது; அப்படியே நம் தமிழ் வரிசை. ஆங்கிலமோ பையனை முதலில் நிறுத்திவிட்டு, 'தி பாய் தி டீச்சர் ப்ரெய்ஸ்ட்' என்று விளக்கத்தைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகும். வாக்கியத்தின் மற்ற அமைப்பில், எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையில், சீனமும் ஆங்கிலமும் ஒன்றாகவே போவதால், இந்த ஓர் இடத்தில் வண்டி திடீரென்று எதிர்த்திசையில் திரும்புவதை மாணவர்கள் கவனிப்பதில்லை.

'தி மெத்தட் தி சயன்டிஸ்ட்ஸ் ஹூ ஹேட் வர்க்ட் ஆன் தி ஐலண்ட் ப்ரபோஸ்ட் வாஸ் ரிஜெக்டட்' என்ற வாக்கியத்தை அவளிடம் கொடுத்துப் பாருங்கள். தீவில் வேலை செய்த அறிவியலாளர்கள் முன்வைத்த முறை நிராகரிக்கப்பட்டது என்பதே பொருள். இடமிருந்து வலமாகச் சொல்லுக்குச் சொல் பொருள் கூட்டிக்கொண்டு வருபவர், 'சயன்டிஸ்ட்ஸ்' வந்ததும் அவர்களையே எழுவாயாகப் பிடித்துக்கொண்டு, கடைசியில் அறிவியலாளர்கள் நிராகரிக்கப்பட்டார்கள் என்று முடித்துவிடுவார். இத்தகைய வாக்கியத்தில் முதலில் செய்ய வேண்டியது வினைச்சொற்களை வட்டமிடுவது. இதில் மூன்று வினைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் உரியவர் யார் அல்லது எது என்று அம்புக்குறி போட்டு இணைத்த பிறகு, எஞ்சி நிற்கும் எலும்புக்கூடு 'முறை நிராகரிக்கப்பட்டது' என்பது. நாள்தோறும் ஒரு பத்தியில் இரண்டு நீளமான வாக்கியங்களை மட்டும் இப்படிப் பிரித்து, சீனத்தில் மொழிபெயர்த்து எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை இது. இரண்டாவது பத்திக்குச் செலவிட்ட நேரம் இதற்குப் போகட்டும்.

ஏழு வாக்கியங்களில் ஐந்தைத் தேரும் பகுதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் ஒரு வார்த்தை. வெற்றிடத்துக்கு முந்திய வாக்கியத்தையும் பிந்திய வாக்கியத்தையும் மட்டும் பார்த்து, 'அவர்கள்', 'இது', 'ஆனால்', 'அதைவிட' போன்ற சொற்கள் எதைச் சுட்டுகின்றன என்று தேடினாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பழைய வினாத்தாள்களை வாங்கும்போது ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். ஜியாங்சு 2020 வரை தனி வினாத்தாள் வைத்திருந்தது. அப்போது ஆங்கிலத்துக்கு 120 மதிப்பெண்தான். ஒரு நீண்ட கட்டுரையை வாசித்து அட்டவணையில் இடத்துக்கு ஒரு சொல்லாகப் பத்து இடங்களை நிரப்பும் பகுதி அதில் இருந்தது. இப்போது அது கிடையாது. அந்தப் பழைய தொகுப்புகள் பழைய புத்தகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் என்பதால் பெற்றோர் வாங்கிக் குவிக்கிறார்கள். வாசிக்க நல்ல கட்டுரைகள்தாம். நேரக் கணக்குப் பழகத்தான் உதவாது.

இன்னொரு சிறு விஷயம். ஆங்கிலத் தேர்வு ஜூன் 8 அன்று பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடியும். மதிய உணவுக்குப் பின் சிறிது உறங்குவது சீனப் பள்ளிகளில் ஊறிப்போன வழக்கம்; அந்தத் தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்தால் நான்காவது பத்தி, அதாவது பெரும்பாலும் ஓர் அறிவியல் ஆய்வைப் பற்றிய பத்தி, கண்ணில் படுமே தவிர மனத்தில் ஏறாது. வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே 3 மணிக்கு நான்கு பத்திகளையும் சேர்த்து ஒரே மூச்சில் செய்து பார்க்கட்டும். அந்த ஒரு நாள் மட்டும்தான் 'தேர்வு'. மற்ற ஆறு நாளும் 'வாசிப்பு'.

இதை மூன்று வாரம் செய்யுங்கள், சகோதரி. அதன் பிறகும் 9-லேயே நின்றால், தவறிய ஆறு கேள்விகளையும் எடுத்து, அவை விவரம் கேட்டவையா, ஊகிக்கச் சொன்னவையா, மையக் கருத்தைக் கேட்டவையா, சொற்பொருள் கேட்டவையா என்று வகை குறித்து, அவள் அந்த விடைகளை நம்பிய காரணத்தையும் சேர்த்து எனக்கு அனுப்பி வையுங்கள். அந்த ஆறையும் வைத்து அடுத்த விளக்கத்தைத் தருகிறேன்.