செல்ஃப் எடுக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை: அப்பாவின் 94 மாடல் மாருதி 800

வணக்கம். இருட்டுவதற்குள் எடுத்து முடிக்க வேண்டும் என்று தலைகூடச் சீவாமல் வந்து நிற்கிறேன், கண்டுகொள்ளாதீர்கள். பின்னால் நிற்பது அப்பாவின் 94 மாடல் மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. அடுத்த வாரம் எஃப்.சி. காட்ட ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்று நாளாக அசைய மாட்டேன் என்கிறது.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள். அப்பா, ஒரு தடவை செல்ஃப் அடிங்க. போதும், போதும்ப்பா!

கேட்டதா? 'கடகட' என்று தட்டவில்லை, இழுத்து இழுத்தும் சுற்றவில்லை. பேட்டரியில் மீட்டர் வைத்தேன். சும்மா இருக்கும்போது 12.5 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 10க்குக் கீழே இறங்கவில்லை. ஆக, பேட்டரியைத் திட்ட வேண்டாம். இன்னொன்றும் கவனியுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் அமுக்குகிற தாளம் தெரிகிறது. இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட் அறுந்திருந்தால் பெரும்பாலும் அந்தத் தாளமே இருக்காது, மிக்சி ஓடுகிற மாதிரி விர்ரென்று சுற்றும்.

இங்கேதான் நான் சொதப்பினேன். மழையில் நின்ற வண்டி, டேங்கிலும் பெட்ரோல் கம்மி. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: "பெட்ரோல் பம்ப் போயிருக்கும்." நானும் நேரே போய்ப் புதுப் பம்ப் வாங்கி மாட்டிவிட்டேன். இதோ, கழற்றிய பழையது இங்கே கிடக்கிறது, ஒரு குறையும் இல்லை. அன்றைக்கே சிலிண்டருக்குள் பொறி வைக்கிற பிளக்குகளில் ஒன்றே ஒன்றைக் கழற்றிப் பார்த்திருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும்.

ஏன் என்று கேட்டால், பிளக் பொய் சொல்லாது. கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். நுனி நனைந்து பளபளக்கிறது பாருங்கள். மோந்து பார்த்தால் பெட்ரோல் குப்பென்று அடிக்கிறது. பெட்ரோல் வந்து நனைத்திருக்கிறது, எரியத்தான் இல்லை. இதே பிளக் எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தால் பெட்ரோல் பக்கம் போகலாம். ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் கம்பியை இழுத்தால் உள்ளே பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சவில்லை என்றால் அப்புறம் பம்ப், ஃபில்டர், டியூப் என்று போகலாம்.

சரி, கரண்ட் வருகிறதா? ஈரப் பிளக்கை அதன் இடத்திலேயே மாட்டிவிட்டேன். திறந்த ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும்போது பக்கத்தில் பொறி பறந்தால் நம் புருவம் போய்விடும். சோதனைக்கு வேறொரு பழைய பிளக். ஒயரில் சொருகி, அதன் உடம்பு இன்ஜினில் நன்றாகத் தொடுகிற மாதிரி வைத்துவிட்டேன். கை வைக்காதீர்கள், பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் வரும். அப்பா, நியூட்ரல்தானே? அடிங்க.

ஒன்றுமே இல்லை. மூன்று ஒயரிலும் இதே கதை. மூன்றும் ஒரே நாளில் செத்துப்போகாது, அதனால் ஒயர்களை விட்டுவிட்டேன்.

பேட்டரி கரண்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக்குவது காயில், அதை மூன்று பிளக்குக்கும் பங்கிடுவது டிஸ்ட்ரிபியூட்டர். இப்போது டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் நடுவில் இருக்கிற காயில் ஒயரை உருவி, ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிடித்து, இன்ஜின் இரும்புக்கு 6 மி.மீ. தள்ளி வைக்கிறேன். அடிங்கப்பா! டிக் டிக் டிக், நீலமாகக் குதிக்கிறது பாருங்கள். காயில், அதற்குப் போகிற கரண்டை விட்டு விட்டு வெட்டுகிற பாயிண்ட், பாயிண்ட் கருகாமல் காக்கிற கண்டன்சர் மூன்றும் வேலை செய்கின்றன. இது வராமல் இருந்திருந்தால் பாயிண்டை எமரி பேப்பரில் தேய்த்து, இடைவெளி பார்க்கிற வேலைக்கு இறங்கியிருப்பேன்.

காயிலிலிருந்து கிளம்புகிறது, பிளக்குக்கு வந்து சேரவில்லை. நடுவில் இருப்பது கேப்பும், அதற்குள் சுற்றி ஒவ்வொரு பிளக் ஒயருக்கும் கரண்டைக் கொடுக்கிற ரோட்டாரும்தான். கேப்பைத் திறந்தாயிற்று. உள்ளே கொஞ்சம் பச்சை பூத்திருக்கிறது, விரிசல் இல்லை. பென்சிலில் கோடு போட்ட மாதிரி கருப்புக் கோடு தெரிந்தால் அந்தக் கேப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், இதில் அதுவும் இல்லை. கேப் திறந்திருக்கும்போதே ஒரு செல்ஃப் அடித்தால் ரோட்டார் சுற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது கேம்ஷாஃப்ட், கேம்ஷாஃப்டைச் சுழற்றுவது டைமிங் பெல்ட். பெல்ட் அறுந்திருக்குமோ என்ற கடைசிச் சந்தேகமும் தீர்ந்தது.

இப்போது எனக்குப் பிடித்த சோதனை. ரோட்டார் அதன் இடத்திலேயே இருக்கட்டும். காயில் ஒயரை அதன் தலையில் இருக்கிற பித்தளைத் தகட்டுக்கு மேலே, தொடாமல் பிடிக்கிறேன். ரோட்டார் நல்லதாக இருந்தால் தகட்டிலிருந்து கரண்டுக்குப் போக வழி கிடையாது, பொறி குதிக்கக் கூடாது. அடிங்கப்பா.

குதிக்கிறது! அப்படியானால் கரண்ட் பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு கீழே தண்டுக்குள் இறங்கி எர்த் ஆகிறது. ரோட்டாரைக் கழற்றித் திருப்பிக் காட்டுகிறேன். அடியில் குண்டூசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, சுற்றிலும் கருகல். மூன்று நாளாக வண்டியைப் படுக்கப் போட்டது இந்தப் புள்ளிதான். பாவம், மழையைத் திட்டிவிட்டேன்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டி, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் பெட்ரோல் பீச்சுகிற வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள் பம்ப் இரண்டு விநாடி முனகுகிறதா என்று கேளுங்கள், அப்புறம் இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கிராங்க் சென்சாரைப் பாருங்கள். அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

ஸ்பேர்ஸ் கடையில் புது ரோட்டார் கிடைத்துவிட்டது. மாட்டி, கேப்பை மூடி, பிளக்குகளைத் துடைத்துக் காயவைத்துப் போட்டாயிற்று. அப்பா, சோக் வேண்டாம், ஏற்கெனவே பெட்ரோல் அதிகம். ஆக்சிலரேட்டரை அடி வரைக்கும் மிதித்துப் பிடித்துக்கொண்டு அடிங்க, பம்ப் பண்ணாதீங்க.

வந்துவிட்டது! கொஞ்சம் புகைகிறது, உள்ளே கிடந்த பெட்ரோல் எரிகிறது, இரண்டு நிமிடத்தில் போய்விடும். ஐடிலிங் தாழ்வாக இருக்கிறது, அதை நாளைக்கு... அப்பா, எங்கே? டீக்கடைக்கா? கொஞ்சம் இருங்க, ரிவர்ஸ் போடாதீங்க! கேமரா ஸ்டாண்ட் பின்னாடிதான் இருக்குப்பா!