துறைமுகத்தில் எட்டு மணி நேரம், அலை எங்கே?

வணக்கம். குரூஸ் கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கிற அந்தச் சில மணி நேரத்துக்குள் சர்ஃபிங் செய்துவிட்டுத் திரும்ப முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். ஆனால் நிறையப் பேர் கப்பலை விட்டு இறங்கியதும் எதிரே தெரிகிற கடலைப் பார்த்து, என்ன இது குளம் மாதிரி கிடக்கிறது, இந்த ஊரில் அலையே இல்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குளம் மாதிரி கிடந்தால்தானே அங்கே கப்பலைக் கட்ட முடியும்? அலை வராத இடமாகத் தேடித்தான் துறைமுகம் அமைப்பார்கள், அப்படி இடம் கிடைக்காவிட்டால் அலைதடுப்புச் சுவர் கட்டி அலையை வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் முதலில் பார்க்க வேண்டியது, இந்த நிலத்தின் எந்தப் பக்கம் திறந்த கடலைப் பார்த்திருக்கிறது என்பதுதான். அதற்கு ஒரு வரைபடம் போதும், அதையும் கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே பார்த்துவிடலாம்.

பார்படோஸை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் நிற்கிற பிரிட்ஜ்டவுன் தீவின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. அங்கே வணிகக் காற்று (trade wind) பெரும்பாலும் கிழக்கிலிருந்துதான் அடிக்கும், ஆகவே பெரிய அலையெல்லாம் கிழக்குக் கரையில்தான். பாத்ஷீபா என்ற ஊருக்கு எதிரே 'சூப் பௌல்' என்று பெயர் பெற்ற அலை உடைகிறது. தீவு சின்னது, டாக்ஸி பிடித்துக் குறுக்கே போனால் சேர்ந்துவிடலாம். ஆனால் அது பாறை மேல் வேகமாக உடைகிற அலை, புதியவர்கள் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அவர்களுக்குத் தெற்குக் கரையில் ஃப்ரைட்ஸ் பே இருக்கிறது, அது சாதுவான அலை.

சில ஊர்களில் இந்தக் 'குறுக்கே போவது' வெறும் நடைதான். நியூசிலாந்தில் மவுண்ட் மாங்கனுயி ஒரு ஒடுங்கிய நிலத்துண்டு. ஒரு பக்கம் கப்பல் நிற்கிற அமைதியான நீர், சில நிமிடம் நடந்து மறுபக்கம் போனால் பசிபிக் கடல் நேராக வந்து உடைகிறது. கேனரி தீவுகளில் லாஸ் பால்மாஸும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான், துறைமுகத்துக்கு மறுபக்கம் லாஸ் கான்டெராஸ் கடற்கரை. ஆனால் அங்கே போய் முதலில் தெரிகிற இடத்தில் சர்ஃப் போர்டைப் போடாதீர்கள், ஒரு பாறைத் தடுப்பு அந்தப் பகுதியை மறைத்து நிற்கிறது. கரையோடு தெற்கே நடந்து லா சீசெர் என்கிற முனைக்குப் போக வேண்டும், அலை அங்கேதான். ஹவாயின் கவாய் தீவில் நவிலிவிலி துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கலபகி கடற்கரை இருக்கிறது. துறைமுகம் இருக்கிற அதே விரிகுடா, ஆனாலும் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஏற்ற மென்மையான அலை வரும். நான் சொன்ன விதிக்கு இது விலக்கு, இருக்கட்டும்.

சிட்னியில் கப்பல் சர்குலர் கீயில் நின்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அங்கிருந்தே மேன்லிக்குப் படகு, அரை மணி நேரப் பயணம், இறங்கிச் சற்று நடந்தால் கடற்கரை. 1964-இல் உலக சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்த இடம் அது. லிஸ்பனில் காய்ஸ் து சோத்ரே நிலையத்தில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் கடற்கரை ஊரான கர்காவெலோஸ். டாக்ஸியை விட ரயிலும் படகும் எனக்கு ஏன் பிடிக்கும் என்றால், அவை போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொள்வதில்லை, திரும்பும் நேரத்தைக் கொஞ்சம் நம்பிச் சொல்லலாம்.

நேரக் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் அலையை விட இதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். காலை 8 முதல் மாலை 5 வரை நிற்கும் என்று அட்டவணையில் போட்டிருந்தால் ஒன்பது மணி நேரம் கையில் இருப்பது போலத் தோன்றும். எட்டுக்குக் கப்பல் வந்து சேருமே தவிர நீங்கள் இறங்க முடியாது, ஊர் அதிகாரிகளின் அனுமதி முடிந்து வரிசை நகர்ந்து வெளியே வர ஒன்பதாகிவிடும். மாலையில் கப்பல் கிளம்புவதற்கு அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ முன்பாகவே எல்லோரும் உள்ளே இருந்தாக வேண்டும். நான் அதற்கும் ஒரு மணி நேரம் முன்னால் துறைமுக வாசலில் நிற்பது போலத் திட்டமிடச் சொல்வேன். போகவர, போர்டு வாடகைக்கு எடுக்க, திருப்பிக் கொடுக்க எல்லாம் கழித்துப் பார்த்தால் தண்ணீரில் இரண்டு மணி நேரம் கிடைத்தாலே நல்ல நாள். இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற புகழ்பெற்ற அலைக்கு ஆசைப்பட மாட்டார்கள். பக்கத்தில் இருக்கிற சுமாரான அலைதான் துறைமுக நாளுக்குச் சரியான அலை. பேர் பெற்ற அலைக்குத் தனியாக விமானத்தில் போங்கள்.

அப்புறம் கடிகாரம். கப்பல் நேரமும் ஊர் நேரமும் சில துறைமுகங்களில் ஒன்றாக இருக்காது, கைபேசி கரைக்கு வந்ததும் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும். தண்ணீர் புகாத சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போய்த் தாமதமானால் வழக்கமாக உங்களுக்காகக் காத்திருப்பார்கள். சொந்த ஏற்பாட்டில் போனவருக்காகக் கப்பல் நிற்காது, அடுத்த துறைமுகம் வரை உங்கள் செலவில்தான் போய்ச் சேர வேண்டும்.

கப்பல் கரையோடு அணையாமல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் ஆட்களை இறக்குகிற ஊர்கள் உண்டு. மெக்சிகோவின் காபோ சான் லூகாஸ் அப்படித்தான். அந்தப் பக்கத்தில் கோஸ்தா அசூல் என்ற கடற்கரை கோடையில் அருமையாக இருக்கும், தென்கோளத்துப் புயல்கள் அனுப்புகிற அலை நேராக அங்கே வந்து சேரும். ஆனால் சிக்கலைப் பாருங்கள், தூரத்துப் புயல் அனுப்புகிற எந்த அலைவரிசைக்காக, அதாவது ஸ்வெல்லுக்காக, நாம் ஏங்குகிறோமோ அது பெரிதாக வந்தால் படகில் ஆட்களை இறக்குவது ஆபத்து என்று கேப்டன் அந்த நிறுத்தத்தையே ரத்து செய்யலாம். அலை ஏறிய நாளில் நீங்கள் கப்பல் மேல்தளத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே அடுத்த ஊருக்குப் போவீர்கள்.

முந்தின இரவே சர்ஃப்லைன், விண்டி மாதிரி இணையதளம் ஒன்றில் முன்னறிவிப்பைப் பார்த்துவிடுங்கள், கப்பல் இணையத்தை நம்பிக் காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அலையின் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது, இரண்டு அலைகளுக்கு நடுவே எத்தனை நொடி என்பதையும் பாருங்கள். ஒரு மீட்டர் உயரமே இருந்தாலும் 14 நொடி என்றால் அது தூரத்திலிருந்து வருகிற பலமான அலை, 6 நொடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய கலங்கல்தான். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும்போது அலை ஒழுங்காக நிமிர்ந்து உடையும். வெயில் ஏற ஏறப் பல கரைகளில் காற்று திசை மாறிக் கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கத் தொடங்கிவிடும், ஆகவே காலைதான் நமக்கு. ஒரே துறைமுகத்தில் கப்பல் இரவும் தங்குகிற பயணத்தை நான் சிபாரிசு செய்வதற்குக் காரணமே மறுநாள் விடியற்காலைதான்.

சொந்தப் போர்டைக் கப்பலில் ஏற்றலாமா என்றால், நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறு, எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்ற விட்டாலும் அந்தச் சின்ன அறையில் அதை எங்கே வைப்பது? வாடகைக்கு மென்மையான நுரைப் போர்டு எடுப்பதே சுலபம். உடம்போடு ஒட்டிய சட்டை, பாறையில் கால் கிழியாமலிருக்க ரப்பர் காலுறை, இவை மட்டும் பையில் போதும். வாடகைக் கடையில் ஈடாக எதையாவது கேட்பார்கள், கப்பலில் திரும்ப ஏறக் காட்ட வேண்டிய அட்டையையோ பாஸ்போர்ட்டையோ கொடுத்துவிடாதீர்கள். கார் எடுத்தால் அதன் மின்சாவி தண்ணீருக்குள் வர முடியாது, அதை எங்கே வைப்பது என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். ஹவாய் போகிறவர்கள் சன்ஸ்கிரீன் டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள், ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற வேதிப்பொருள்கள் சேர்ந்தவற்றை அங்கே கடைகளில் விற்க 2021 ஜனவரி முதல் தடை.

கடைசியாக, தண்ணீரில் இறங்குவதற்கு முன் பத்து நிமிடமாவது கரையில் நின்று பாருங்கள். யார் எங்கே காத்திருக்கிறார்கள், எந்தப் பக்கம் நீந்திப் போகிறார்கள், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியும். அலை உடையத் தொடங்குகிற இடத்துக்கு யார் மிக நெருக்கத்தில் இருக்கிறாரோ அலை அவருடையது, குறுக்கே பாய்ந்து ஏறக் கூடாது. இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்ற அவசரம் நம்முடையது, தினமும் அங்கே வருகிறவர்களுக்கு அது தெரியாது. கூட்டம் அதிகமாக இருந்தால் கொஞ்சம் தள்ளிப் போய்ச் சின்ன அலையில் ஆடுங்கள். நன்றி, வணக்கம்.