"ஃபிக்ஸட்"னு போட்டா ஃபிக்ஸடா? பட்டறைக்கு கரண்ட் சப்ளையர் மாத்துறேன்

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு மரம், உளி, மெஷின் எதுவும் காட்டப் போறதில்ல, இந்தப் பேப்பரைத்தான் காட்டப் போறேன், ஒரு புது சப்ளையரோட கொட்டேஷன். தெரியுதா? இருங்க, லைட்டைத் திருப்புறேன். பன்னிரண்டாம் பக்கம், கீழ இருந்து நாலாவது வரி. இந்த ஒரு வரியால நேத்து ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல.

விஷயம் இதுதான். பட்டறைக்கு கரண்ட் குடுக்கிற கம்பெனியோட மூணு வருஷ ஒப்பந்தம் முடியப் போகுது. கரண்ட் விக்கிறதைப் போட்டிக்குத் திறந்துவிட்ட இடத்துல யார்கிட்ட வாங்குறதுன்னு நாமதான் முடிவு பண்ணணும். போன வீடியோ பாத்துட்டு "சப்ளையரை மாத்தினா கரண்ட் அடிக்கடி போகுமா"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. போகாது. கம்பி, கம்பம், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் விநியோகக் கம்பெனியோடது. நீங்க யார்கிட்ட வாங்கினாலும் அதே கம்பியிலதான் வருது, கட்டானா அவங்கதான் வந்து சரி பண்ணணும். மாறுறது பில்லும் ஒப்பந்தமும்தான்.

சரி, இந்த வரிக்கு வருவோம். முதல் பக்கத்துல கொட்டை எழுத்துல "ஃபிக்ஸட் ரேட், மூணு வருஷம்". இப்ப நான் குடுக்கிற யூனிட் ரேட்டை விட 7 சதவீதம் கம்மி. எனக்கு ஒரே சந்தோஷம். பன்னிரண்டாம் பக்கம் வந்தா, கம்பி, கம்பத்துக்கான நெட்வொர்க் கட்டணம், தேவைப்படுறப்ப கரண்ட் தயாரா இருக்கிறதுக்கான கெப்பாசிட்டி கட்டணம் ரெண்டும் அன்னன்னிக்கு என்ன விகிதமோ அதுப்படி தனியா வசூலிக்கப்படுமாம்! அதாவது ஃபிக்ஸடா இருக்கிறது கரண்டோட விலை மட்டும்தான். என் பில்லுல கிட்டத்தட்ட பாதி இந்த மத்த கட்டணங்கள். பாதி பில்லு ஏறலாம் இறங்கலாம்னா, அதுக்கு எதுக்குங்க ஃபிக்ஸட்னு பேரு? இப்படி வித்தா தப்பில்ல, சில பேருக்கு இது லாபமாக்கூட இருக்கும். ஆனா அதை முதல் பக்கத்துல சொல்லணும். பன்னிரண்டாம் பக்கத்துல ஒளிச்சு வைக்கிறது எனக்குச் சுத்தமா பிடிக்கல.

அதனால இப்ப யார் கொட்டேஷன் குடுத்தாலும் நான் முதல்ல கேக்கிறது ஒண்ணே ஒண்ணு: "எதெல்லாம் உள்ள, எதெல்லாம் வெளிய?" இதை எழுத்துல வாங்கின பிறகுதான் ரேட்டைப் பாக்கிறேன். ஒருத்தர் எல்லாத்தையும் சேர்த்து, இன்னொருத்தர் கரண்டுக்கு மட்டும் விலை சொன்னா, ரெண்டையும் பக்கத்துல வெச்சு என்னத்தை ஒப்பிடுறது?

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். இந்தக் கொட்டேஷன் ஒரு புரோக்கர் மூலமா வந்தது. "உங்களுக்கு ஒரு செலவும் இல்ல"ன்னார். அவருக்குக் கமிஷன் பெரும்பாலும் எங்க இருந்து வருதுன்னா, நம்ம யூனிட் ரேட்டுலயே ஒரு சின்னத் துண்டா ஒட்டிக்கிட்டு வரும். மூணு வருஷமும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அது ஓடிக்கிட்டே இருக்கும். பிரிட்டன்ல 2022ல இருந்து மிகச் சின்ன நிறுவனங்களோட ஒப்பந்தத்துல புரோக்கர் கமிஷனை வெளிப்படையாப் போடணும்னு விதியே கொண்டுவந்தாங்க. நான் இவர்கிட்ட "யூனிட்டுக்கு எவ்வளவு உங்களுக்கு"ன்னு நேராவே கேட்டேன். ரெண்டு நாளாச்சு, பதில் வரல.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. மீட்டர் டேட்டா! அரை மணிக்கு ஒரு தடவை எவ்வளவு கரண்ட் ஓடுச்சுன்னு மீட்டர்ல பதிவாகுது, கேட்டா எக்ஸெல்ல அனுப்புறாங்க. உக்காந்து பாத்தேன். மாசத்துக்கு 7,200 யூனிட். மாசத்துல 720 மணி நேரம், அப்போ சராசரி 10 கிலோவாட். ஆனா உச்சம் எவ்வளவு தெரியுமா? 40! லோடு ஃபேக்டர், அதாவது உச்சத்துல சராசரி எவ்வளவு பங்குங்கிறது, வெறும் 25 சதவீதம். அந்த 40 எப்ப வருதுன்னு தேடினா, தினமும் காலைல 8ல இருந்து எட்டரைக்குள்ள. கம்ப்ரஸர், தூசி உறிஞ்சுற மெஷின், மரம் குடையிற ரௌட்டர் மெஷின், ஏசி, எல்லாத்தையும் வந்தவுடனே ஒண்ணா ஆன் பண்றோம். மாசத்துல ஒரே ஒரு அரை மணி நேரம் உச்சத்துக்குப் போனாலே போதும், டிமாண்ட் கட்டணம், அதாவது உச்சத்துக்குன்னு பில்லுல போடுற கட்டணம், அதை வெச்சுத்தான். இப்ப கம்ப்ரஸர் எட்டு மணிக்கு, ரௌட்டரும் ஏசியும் எட்டரைக்கு மேல. சுவிட்ச் பக்கத்துல அட்டையில எழுதி ஒட்டிட்டேன். மூணு வாரமா உச்சம் 31 தாண்டல. பைசா செலவில்லாம! எனக்கு இந்த 31ஐப் பாக்கப் பாக்க அவ்வளவு சந்தோஷமா இருக்கு.

ஏன் இவ்வளவு நேரம் இதைச் சொல்றேன்னா, இந்த டேட்டாவைக் கையில வெச்சுக்கிட்டுப் பேசினா சப்ளையர் குடுக்கிற விலையே வேற. நீங்க எப்ப, எப்படி இழுக்கிறீங்கன்னு தெரியாதவன் பயந்து கூடத்தான் சொல்வான்.

"மார்க்கெட் விலைக்கே வாங்கிக்கலாமே, சராசரியா கம்மியா வருமே"ன்னு என் நண்பர் சொன்னார். நிறைய மாசம் கம்மியா வரும், உண்மைதான். ஆனா 2021 பிப்ரவரி டெக்சாஸ் பனிப்புயல் ஞாபகம் இருக்கா? சாதாரண நாள்ல சென்ட் கணக்குல இருக்கிற, சப்ளையர்கள் வாங்குற மொத்தச் சந்தை விலை, யூனிட்டுக்கு 9 டாலர் உச்சவரம்பைத் தொட்டு நாள் கணக்குல அங்கேயே நின்னுச்சு. மார்க்கெட் விலையை அப்படியே கட்டுறதா கையெழுத்துப் போட்டவங்களுக்கு ஆயிரக்கணக்குல பில் வந்துச்சு. நான் ஆர்டர் எடுத்து ஆறு மாசம் கழிச்சுப் பொருள் குடுக்கிறவன். எனக்கு அது ஒத்து வராது.

அதே மாதிரி, ரொம்ப மலிவா குடுக்கிறவங்க தாங்குவாங்களான்னும் பாக்கணும். பிரிட்டன்ல 2021, 2022ல மொத்தச் சந்தை விலை ஏறினப்ப கிட்டத்தட்ட 30 சப்ளையர் மூடிட்டாங்க. கரண்ட் நிக்கல, வாடிக்கையாளர்களை வேற சப்ளையர்கிட்ட மாத்தி விட்டாங்க. ஆனா பழைய விலை போயிடுச்சு. வீடுகளுக்காவது விலை உச்சவரம்பு இருந்துச்சு, தொழில் நடத்துறவங்களுக்கு அதுவும் இல்ல.

அய்யோ, முக்கியமானதை விட்டுட்டேன்! தானா புதுப்பிக்கிற ஷரத்து. என் பழைய ஒப்பந்தத்துல, முடியறதுக்கு 60 நாள் முன்னாடி எழுத்துல வேண்டாம்னு சொல்லலேன்னா இன்னொரு வருஷம் அவங்க வெக்கிற ரேட்டுல ஓடும். இன்னும் 71 நாள் இருக்கு. அதனால சப்ளையர் முடிவாகறதுக்கு முன்னாடியே "புதுப்பிக்க வேண்டாம்"னு இன்னிக்குக் காலைல மெயில் போட்டுட்டேன், கிடைச்சுதுன்னு பதிலும் வந்தாச்சு. பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வெச்சிருக்கேன், இதோ.

இப்ப கையில மூணு கொட்டேஷன். ஒண்ணுல, பயன்பாடு ஒப்பந்தத்துல சொன்ன அளவை விட 10 சதவீதத்துக்கு மேல கூடினாலோ குறைஞ்சாலோ வித்தியாசத்துக்கு மார்க்கெட் விலைன்னு இருக்கு. புது ரௌட்டர் வாங்கப் போறேன்னு உங்களுக்குத்தான் தெரியுமே, பயன்பாடு கூடும், அதனால அது வேண்டாம். மிச்சம் ரெண்டு பேர்கிட்டயும், எல்லாக் கட்டணமும் சேர்த்து ஒரே ரேட்டா திருப்பிக் குடுங்கன்னு கேட்டிருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடும். வந்ததும் ரெண்டையும் பக்கத்துல வெச்சு, போன வருஷ மீட்டர் டேட்டாவைப் போட்டு, உங்க முன்னாடியே கணக்குப் போடுறேன்.