பரிசேயர் யார்? கிறிஸ்தவம் பிறந்த கதை, யூதர் பார்வையில்

(திரையில்: எருசலேம் மேற்குச் சுவர், அதிகாலை வெளிச்சம்)

வணக்கம். நம் ஊர்ச் சபைகளில் ஒருவர் மனசு நோகும்படி திட்ட ஒரே ஒரு சொல் போதும்: "நீ ஒரு பரிசேயன்." வெளிவேஷக்காரன், உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுகிறவன் என்று அர்த்தம். பிரசங்கத்திலும் வரும், குடும்பச் சண்டையிலும் வரும். ஆனால் இன்று உலகில் உள்ள யூதர்களில் மிகப் பெரும்பாலோருடைய வழிபாடும் சமயச் சட்டமும் அந்தப் பரிசேயர் வழி வந்தவைதான். நாம் வசவாக வைத்திருக்கும் சொல், அவர்களுக்குத் தங்கள் ஆசான்களின் பெயர்.

அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் கிறிஸ்தவம் பிறந்த கதை எப்படித் தெரியும்? அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

(திரையில்: முதல் நூற்றாண்டு யூதேயா, கலிலேயா வரைபடம்)

கி.பி. 30ஐ ஒட்டிய காலம். யூதேயா ரோமர்கள் கையில். அந்தச் சின்ன நாட்டுக்குள் யூதர்கள் எத்தனையோ பிரிவாக இருந்தார்கள். ஆலய நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த பெரிய ஆசாரியக் குடும்பங்களை ஒட்டியவர்கள் சதுசேயர். இறந்தவர் உயிர்த்தெழுவார் என்பதை அவர்கள் ஏற்கவில்லை. பரிசேயர் ஏற்றார்கள். எழுதப்பட்ட தோராவோடு, அதாவது மோசேயின் ஐந்து நூல்களோடு, முன்னோர் வாய்மொழியாகத் தந்த மரபையும் மதித்தார்கள். தனித்து வாழ்ந்த எசேனியர் இருந்தார்கள். யோர்தான் கரையில் மனந்திரும்பச் சொன்ன யோவான் இருந்தார். இயேசு வந்தது இவர்கள் நடுவில்தான். அவரும் யூதர், அவருடைய பன்னிரண்டு சீஷர்களும் யூதர்கள்.

சுவிசேஷங்களில் இயேசுவும் பரிசேயரும் ஓய்வுநாளைப் பற்றி வாதாடுகிறார்கள். "ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்கிறார் இயேசு. யூத ஆசான்களான ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த நூல் தல்மூத். அதைத் திறந்தால் ரபிகளும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறார்கள்: ஓய்வுநாள் உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்டது, நீங்கள் அதன் கையில் ஒப்படைக்கப்படவில்லை. ஓர் உயிரைக் காக்க ஓய்வுநாளை மீறலாம், மீறத்தான் வேண்டும் என்பது யூதச் சட்டம்.

இன்னொரு கதை. புறஜாதியான் ஒருவன் ஹில்லேல் என்ற ஆசானிடம் வந்து, "நான் ஒற்றைக்காலில் நிற்கும் நேரத்துக்குள் தோரா முழுவதையும் எனக்குச் சொல்லிக்கொடு" என்றான். ஹில்லேல் கோபப்படவில்லை. "உனக்கு எது வெறுப்போ அதைப் பிறருக்குச் செய்யாதே. தோரா முழுவதும் இதுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம். போய்ப் படி" என்றார். ஹில்லேல் இயேசுவுக்கு ஒரு தலைமுறை முந்தியவர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூத மரபில் வாதம் செய்வதே படிப்பு. ஹில்லேல் வழியினரும், ஷம்மாய் என்ற இன்னோர் ஆசானின் வழியினரும் நூற்றுக்கணக்கான விஷயங்களில் மோதினார்கள். தோற்றவர் கருத்தையும் அழிக்காமல் எழுதிவைத்தார்கள். இந்த மரபில் வளர்ந்த ஒருவர் சுவிசேஷத்தைப் படித்தால், அந்த வாக்குவாதங்களில் அவருக்குப் பாடசாலைச் சத்தம்தான் கேட்கும். ஏரோது உன்னைக் கொலைசெய்யப் பார்க்கிறான், இங்கிருந்து போய்விடு என்று இயேசுவை எச்சரித்தவர்களும் பரிசேயர்களே. லூக்காவில், 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இந்த வசனத்தை வைத்து ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை.

(திரையில்: ஜோசிபஸ் நூலின் பழைய கையெழுத்துப் பிரதி)

என்னை மிகவும் உலுக்கிய சம்பவம் கி.பி. 62இல் நடந்தது. அதை எழுதிவைத்தவர் ஜோசிபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர். ரோம ஆளுநர் இறந்துவிட்டார், அடுத்தவர் இன்னும் வந்துசேரவில்லை. அந்த இடைவெளியில் அனனுஸ் என்ற பிரதான ஆசாரியர், சதுசேயர், அவசரமாக நியாய சங்கத்தைக் கூட்டி, இயேசுவின் சகோதரர் யாக்கோபைக் கல்லெறிந்து கொல்ல வைத்தார். அப்போது நகரத்தில் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர்கள், நியாயவான்கள் என்று பேர் வாங்கியவர்கள், கொதித்துப்போனார்கள். அரசன் அகிரிப்பாவிடம் ரகசியமாக முறையிட்டார்கள். சிலர் வழியில் வந்துகொண்டிருந்த புது ஆளுநரையே போய்ச் சந்தித்தார்கள். அனனுஸ் மூன்றே மாதத்தில் பதவி இழந்தார்.

அந்தக் கண்டிப்பானவர்கள் பரிசேயர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இயேசு சிலுவையில் மரித்து முப்பது வருஷம் கழித்தும், அவருடைய சகோதரருக்காகப் பிரதான ஆசாரியரையே எதிர்த்து நின்ற யூதர்கள் எருசலேமில் இருந்தார்கள்.

எட்டே வருஷத்தில் எல்லாம் தலைகீழானது. கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தைக் கொளுத்தினார்கள். ஆலயம் போனதும் சதுசேயர்கள் மறைந்தார்கள். மிஞ்சியவர்கள் இரண்டு கூட்டம்: பரிசேயர் வழிவந்த ரபிகள், இயேசுவைப் பின்பற்றியவர்கள். பூர்வீக வீடு எரிந்தபின் யார் வாரிசு என்று இரண்டு பிள்ளைகளும் மோதிக்கொண்ட நிலை. மத்தேயு 23இல் பரிசேயர் மேல் கொட்டும் கோபத்தை இந்தச் சூழலில் வைத்துப் படிக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கசப்பு ஒரு பக்கம் மட்டும் இல்லை. பிற்காலத்துத் தல்மூதிலும் இயேசுவைப் பற்றிக் கடுமையான வரிகள் உண்டு.

அப்படியானால் இயேசுவை மேசியாவாக யூதர்கள் ஏன் ஏற்கவில்லை? அவர்களுக்கு மேசியா என்றால் உலகம் கண்கூடாக மாற வேண்டும்: சிதறியவர்கள் திரும்ப வேண்டும், போர் ஓய வேண்டும். 132இல் ரோமை எதிர்த்து எழுந்த பர் கோக்பாவை, 'நட்சத்திரத்தின் மகன்' என்று, மேசியாவாகவே வாழ்த்தினார் ரபி அகிவா. 135இல் பர் கோக்பா தோற்று மாண்டார். அதன்பின் ரபிகள் அவரைப் 'பொய்யின் மகன்' என்று அழைத்தார்கள். அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றுதான்.

1263இல் பார்சிலோனாவில் அரகோன் மன்னர் முன்னிலையில் நக்மனிதீஸ் என்ற ரபியை வாதத்துக்கு நிறுத்தினார்கள். இயேசுவின் காலம் தொட்டு இன்றுவரை உலகம் வன்முறையாலும் கொள்ளையாலும் நிறைந்திருக்கிறதே என்று அவர் மன்னர் முகத்துக்கு நேரே சொன்னார். அதற்கு இருபது வருஷம் முன்புதான் பாரிஸில் வண்டி வண்டியாகத் தல்மூதை எரித்திருந்தார்கள். எவ்வளவு துணிச்சல் வேண்டும்! கடைசியில் அவர் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று.

ஆனாலும் பார்வை மாறிக்கொண்டே வந்தது. 18ஆம் நூற்றாண்டில் யாக்கோப் எம்டன் என்ற ரபி, மரபில் ஊறியவர், இயேசுவும் பவுலும் யூதர்களைத் தோராவிலிருந்து விலக்க வரவில்லை, மனிதர் எல்லோருக்கும் பொது என்று யூதர் கருதும் நோவாவின் கட்டளைகளைப் புறஜாதியாருக்குக் கொண்டுபோகவே வந்தார்கள் என்று எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஆபிரகாம் கைகர் என்ற ரபி, இயேசுவே ஒரு பரிசேயர்தான் என்றார். அங்கிருந்த கிறிஸ்தவ இறையியலாளர்களுக்குப் பொறுக்கவில்லை. 1922இல் யோசேப் கிளாவுஸ்னர் என்ற யூத அறிஞர் இயேசுவின் வரலாற்றை எபிரேயத்திலேயே எழுதினார். இரு தரப்பிலிருந்தும் அவருக்கு எதிர்ப்பு வந்தது.

(திரையில்: அந்தியோகியா, பழைய மொசைக் தரை)

சரி, இரண்டு மதமும் எப்போது பிரிந்தன? ஒரு தேதி சொல்ல முடியாது. 386இல் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற கிறிஸ்தவப் போதகர் யூதர்களுக்கு எதிராக ஆவேசமாகப் பிரசங்கம் செய்தார். அந்தக் கொடிய வார்த்தைகள் பல நூற்றாண்டுகள் யூதர்களைத் துரத்தின. ஆனால் அவர் யாரிடம் பேசினார்? தன் சபையாரிடம். யூதப் புத்தாண்டில் எக்காளம் ஊதும்போது கேட்கப் போகாதே, அவர்களோடு உபவாசம் இருக்காதே, வியாதி வந்தால் யூத வைத்தியரிடம் ஓடாதே, சத்தியம் செய்ய ஜெபாலயத்துக்குப் போகாதே என்று கெஞ்சினார், மிரட்டினார். சிலுவைக்குப் பின் முந்நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் ஞாயிறு அவருடைய பிரசங்கத்தைக் கேட்டார்கள். பண்டிகை வந்ததும் பக்கத்துத் தெரு ஜெபாலயத்துக்குக் கிளம்பினார்கள்.