கரும்பலகையில் விரிந்த தொலைக்காட்சி

நேயர்களுக்கு வணக்கம். வானொலி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு தொலைக்காட்சியைப் பற்றிப் பேசுவது, புகுந்த வீட்டுத் திண்ணையில் பிறந்த வீட்டுப் பெருமை பேசுவது போலத்தான். ஆனால் நிலையத்தார் என்னிடம் கேட்டது, ஏதாவது ஒரு துறையின் தந்தை எனப்படுபவரின் பிள்ளைப்பருவத்தையும் பள்ளிக்காலத்தையும் பற்றிய பேச்சு. எந்தத் தந்தை என்று அவர்கள் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்குத் தோன்றியவர், மின்னணுத் தொலைக்காட்சியின் தந்தை ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த். உண்மையைச் சொன்னால், அவருக்கும் முன்னால் நினைவுக்கு வந்தவர் அவருடைய வேதியியல் ஆசிரியர். தொழில் பாசம்!

ஃபைலோ பிறந்தது 1906 ஆகஸ்ட் 19 அன்று, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பீவர் என்ற ஊருக்குப் பக்கத்தில். தாத்தா மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடு. தாத்தாவின் பெயரையே பேரனுக்கும் வைத்தார்கள். மார்மன் சமயத்தைச் சேர்ந்த உழவர் குடும்பம். அப்பா லூயிஸ் வெள்ளாமையை மட்டும் நம்பிக் காலந்தள்ள முடியாமல், குதிரை வண்டியில் சரக்கு ஏற்றியும் சம்பாதித்தார். 1918 வாக்கில் மூட்டை முடிச்சுகளுடன் கூண்டு வண்டிகளில் கிளம்பி, ஐடஹோ மாநிலத்தில் ரிக்பி என்ற சிற்றூருக்கு அருகே உறவினர் ஒருவரின் பண்ணைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்கே பன்னிரண்டு வயதுப் பையனின் கண்ணில் முதலில் பட்டது நிலமும் இல்லை, மலையும் இல்லை. பண்ணைக் கட்டடங்களுக்கு இடையே ஓடிய மின்கம்பிகள். இதன் அருமை நமக்குச் சட்டென்று விளங்காது. அமெரிக்கா என்றாலே விளக்கு வெளிச்சம் என்று நினைத்துப் பழகிவிட்டோம். 1930களின் நடுவில்கூட அந்த நாட்டுக் கிராமப்புற வீடுகளில் பத்துக்கு ஒன்பதில் மின்சாரம் கிடையாது. ரிக்பி பண்ணையில் இருந்தது, டெல்கோ நிறுவனம் செய்த சொந்த மின்னாக்கி. மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன எஞ்சின், பக்கத்திலேயே பலகைமேல் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள், அவற்றுக்குள் அமிலமும் ஈயத்தகடுகளும். கிடைப்பது 32 வோல்ட். பகலில் எஞ்சினை ஓட்டி ஜாடிகளில் மின்னூட்டினால் இரவில் விளக்கு எரியும். அது அடிக்கடி மக்கர் செய்யும். பெரியவர்கள் பழுது பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்த பையன், சில நாட்களில் தானே அதைப் பிரித்து மாட்டத் தொடங்கினான். எரிந்துபோன ஒரு மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றி ஓடவைத்தான். அம்மா கையால் சுற்றிக்கொண்டிருந்த சலவை இயந்திரத்தை மின்சாரத்தில் ஓடச் செய்தான். அம்மாவுக்கு உதவியது பெரிய அறிவியல் இல்லையென்று யாராவது சொன்னால், அவர் துணி துவைத்ததில்லை என்று அர்த்தம்.

அந்த வீட்டுப் பரணில் யாரோ விட்டுப்போன அறிவியல் இதழ்கள் குவிந்து கிடந்தன. பையன் அவற்றை ஒன்று விடாமல் படித்தான். ஓர் இதழ் நடத்திய போட்டிக்கு, கார் திருடு போகாமல் காக்கக் காந்தத்தால் இயங்கும் பூட்டு ஒன்றை எழுதி அனுப்பி, 25 டாலர் பரிசும் வாங்கினான். தொலைவிலுள்ள காட்சியைக் கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ அனுப்ப முயல்கிறார்கள் என்ற செய்தியும் அந்த இதழ்கள் மூலம்தான் அவனுக்கு எட்டியது. அதற்கு அறிஞர்கள் நம்பியிருந்தது, ஜெர்மனியின் நிப்கோ 1884இல் வடிவமைத்த ஓட்டைத் தட்டை. தட்டு சுழலும், சுருளாகப் போட்ட ஓட்டைகள் காட்சியைக் கீற்றுக் கீற்றாக வெட்டிக் காட்டும். இரும்புத் தட்டை எவ்வளவு வேகமாகத்தான் சுற்ற முடியும்? 1926இல் லண்டனில் பேர்டு என்ற கண்டுபிடிப்பாளர் அந்தத் தட்டைக் கொண்டு காட்டிய படத்தில் இருந்தவை வெறும் முப்பது வரிகள். சக்கரத்தால் ஆகாது, எலக்ட்ரான் ஒன்றுதான் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் என்று பையனுக்கு அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பட்டுவிட்டது. ஆனால் படத்தை எப்படி அரிந்து அனுப்புவது?

விடை வயலில் கிடைத்தது என்பது எல்லோரும் சொல்லும் கதை. குதிரை பூட்டி நிலத்தை ஓட்டிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்க்கிறான். சாலுக்குச் சால் நேர்கோடாக நிலம் முழுவதும் விரிந்து கிடக்கிறது. படத்தையும் இப்படியே ஒவ்வொரு வரியாக ஓட்டிவிட்டால்? சிலர் அதை உருளைக்கிழங்கு வயல் என்கிறார்கள், சிலர் புல் வயல் என்கிறார்கள். எந்த வயலாக இருந்தால் என்ன! ஒரே ஒரு வேறுபாடு உண்டு. குதிரை திரும்பி வரும்போதும் மண்ணைக் கிளறும். பின்னாளில் நம் வீட்டுக்கு வந்த படக்குழாயின் மின்கற்றையோ ஒரு வரியை முடித்ததும் வெறுங்கையோடு ஓடிவந்து, மறுபடி இடப்பக்கத்திலிருந்து தொடங்கும்.

இனி பள்ளிக்கூடம். ரிக்பி உயர்நிலைப் பள்ளிக்கு அவன் குதிரையில் போனான். மேல்வகுப்பு மாணவர்களின் வேதியியல் வகுப்பில் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஆசிரியர் ஜஸ்டின் டோல்மனிடம் கேட்டான். அவர் முடியாது என்றார். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் என் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்று, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறையைப் பார்க்கட்டுமா என்று கேட்டான். முதலில் உன் பாடத்தைப் படி என்று அனுப்பிவிட்டேன். அவன் மறுபடி வரவில்லை. டோல்மனின் பையன் மறுபடி மறுபடி வந்தான். கடைசியில் ஆசிரியர் இறங்கிவந்து, பள்ளி தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் அவனுக்குத் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்தார். சக மாணவர்களுக்கு அவன் சார்பியல் கொள்கையை விளக்கியதைத் தற்செயலாகக் கேட்டதாகவும், அவ்வளவு தெளிவான விளக்கத்தைத் தாம் கேட்டதில்லை என்றும் டோல்மன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1922 தொடக்கத்தில் ஒரு நாள், பள்ளி விட்ட பிறகு, வேதியியல் அறையின் கரும்பலகைகள் முழுவதும் ஃபைலோ படங்களும் சமன்பாடுகளுமாக நிரப்பி வைத்திருந்தான். இதற்கும் வேதியியலுக்கும் என்ன சம்பந்தம் என்று டோல்மன் கேட்டாராம். பையன் விளக்கினான். ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே ஒளி பட்டால் எலக்ட்ரான்களைக் கக்கும் தகடு. காட்சி அதன்மேல் விழுந்ததும், வெளிச்சம் மிகுந்த இடத்தில் நிறைய, இருண்ட இடத்தில் குறைய, எலக்ட்ரான்கள் கிளம்பும். அந்த எலக்ட்ரான் படத்தை அப்படியே காந்தத்தால் இழுத்து, ஊசிமுனை அளவு துவாரத்தின் முன்னே வரிவரியாக நகர்த்தினால், துவாரத்துக்குள் விழும் மின்னோட்டம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் படம். சொல்லி முடித்துவிட்டு, குறிப்பேட்டுத் தாள் ஒன்றில் அந்தக் குழாயை வரைந்து ஆசிரியரிடம் கொடுத்தான். அப்போது அவனுக்குப் பதினைந்து வயது.

அடுத்த ஆண்டு குடும்பம் யூட்டாவின் புரோவோ நகருக்குப் போனது. 1924 ஜனவரியில் அப்பா லூயிஸ் நிமோனியாவில் இறந்தார். மூத்த மகனுக்குப் பதினேழு வயது. குடும்பப் பாரத்தோடு அலைந்து, பணம் போட ஆள் தேடி, 1927 செப்டம்பர் 7 அன்று சான்பிரான்சிஸ்கோவில் ஒரு மாடியறையில் அவர் தம் குழாய் வழியாக அனுப்பியது ஒரே ஒரு கோடு. அடுத்த அறையின் திரையில் அது தெரிந்தது.

பிறகு வழக்கு. ஆர்.சி.ஏ. என்ற பெரிய நிறுவனம், தன் பொறியாளர் ஸ்வோரிகின் 1923இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார், உரிமை தனக்கே என்றது. ஃபார்ன்ஸ்வொர்த்தின் வழக்கறிஞர் டோல்மனைத் தேடிப்பிடித்தார். அந்த நாட்டுப்புற ஆசிரியர் வந்து, தம் மாணவன் 1922இல் என்ன வரைந்தான் என்று சாட்சி சொன்னார். அந்தக் குழாயின் படத்தையும் காட்டினார். அந்தச் சாட்சியம் ஒன்றுதான் வழக்கை வென்றது என்று சொல்லமாட்டேன்; 1923இலேயே ஸ்வோரிகினிடம் வேலை செய்த குழாய் இருந்தது என்று எதிர்த்தரப்பால் மெய்ப்பிக்க முடியவில்லை என்பதும் முக்கியம். கடைசியில் காப்புரிமை அலுவலகம் ஃபார்ன்ஸ்வொர்த் பக்கம் தீர்ப்பளித்தது. 1939இல் ஆர்.சி.ஏ. அவருக்கு உரிமத்தொகை கொடுக்கச் சம்மதித்தது. அதற்குள் போர் மூண்டது, தொலைக்காட்சி வணிகம் நின்றது. அது மறுபடி சூடு பிடித்தபோது, 1947இல் காப்புரிமைக் காலமே முடிந்துபோனது.

அவர் தம் வீட்டில் எப்படிப்பட்ட தந்தை? தொலைக்காட்சியில் பார்க்கத் தகுந்தது எதுவும் இல்லை, இந்த வீட்டில் அதைப் பார்க்கப்போவதில்லை என்று அப்பா சொல்லிவிட்டதாக மகன் கென்ட் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1957இல் சி.பி.எஸ். தொலைக்காட்சியின் வேடிக்கை நிகழ்ச்சி ஒன்றில் அவரைப் பெயர் சொல்லாமல் உட்காரவைத்தார்கள். அவருடைய இரகசியம் என்ன என்று குழுவினர் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியவில்லை, அவருக்கு 80 டாலரும் ஒரு பெட்டி சிகரெட்டும் பரிசு. நடுவில் ஒருவர், நீங்கள் செய்தது ஏதோ ஓர் இயந்திரமா, பயன்படுத்தினால் வலிக்குமா என்று கேட்டார்.

ஆமாம், சில சமயம் ரொம்பவே வலிக்கும் என்றார் ஃபார்ன்ஸ்வொர்த்.

வணக்கம்.